வலது கைக்குச் சிவப்பு, இடது கைக்கு மஞ்சள்

அவசரப் பிரிவில் எல்லோரும் அவளை ஒயரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த நர்சும் அப்படித்தான் கூப்பிடுவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறிப்போகும் டாக்டர்களும் வந்த இரண்டாம் நாளே அதைப் பிடித்துக்கொள்வார்கள். வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஒழுங்கான பெயர் ஒன்று இருந்தது. அதை முழுதாகச் சொல்லி யாராவது கூப்பிட்டால் ஏதோ விசாரணை என்று அர்த்தம்.

நெஞ்சு வலி, மயக்கம், மூச்சு முட்டுகிறது என்று வருகிறவர்களைத் திரைக்குப் பின்னால் இருக்கும் குறுகலான கட்டிலில் படுக்க வைப்பாள். கை கால்களில் நிறம் நிறமாய் ஒயர் தொங்கும் நான்கு கவ்விகள், நெஞ்சில் ஆறு வில்லைகள். "பேசாதீங்க, அசையாதீங்க, மூச்சை மட்டும் சாதாரணமா விடுங்க" என்பாள். ஈசிஜி மெஷின் கிர்ரென்று ஒரு தாளைத் துப்பும். அதைக் கிழித்து, ஓரத்தில் நேரத்தையும் தன் கையெழுத்தையும் போட்டு டாக்டரிடம் கொடுத்தால் அவள் பங்கு முடிந்தது. ஆள் உள்ளே வந்து பத்து நிமிடத்துக்குள் தாள் டாக்டர் கைக்குப் போயிருக்க வேண்டும் என்பது அங்கே எழுதி ஒட்டியிருந்த சட்டம்.

தாள் என்ன சொல்கிறது என்று சொல்வது அவள் வேலை இல்லை. ஆனால் நாளுக்கு நாற்பது பேர் வீதம் பதினொரு வருடம் பார்த்தவளுக்கு எப்படித் தெரியாமல் போகும்? டாக்டர்கள் அறையில் அட்டை கிழிந்து கிடந்த ஈசிஜி புத்தகம் ஒன்றை ஒருநாள் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு தாளையும் கிழிக்கும்போது மனதுக்குள் இது இன்னதுதான் என்று ஒன்றை நினைத்துக்கொள்வாள். வேலை முடியும் நேரத்தில் டாக்டர் எழுதியிருப்பதைப் பார்ப்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லிக்கொள்ளும்படி ஆளும் இல்லை.

கல்யாணமான இரண்டாம் வருடம் அவள் கணவன் வேலைக்கென்று வேறொரு நாட்டுக்குப் போனான். கொஞ்ச காலம் வாரம் ஒருமுறை போன் வந்தது, அப்புறம் மாதம் ஒருமுறை. கடைசியில் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மட்டும் சொன்னது. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். தொலைவில் இருந்த தங்கை ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுவாள். பாதிப் பேச்சு தன் பிள்ளைகளை அதட்டுவதிலேயே போய்விடும். ஒயரக்கா மூன்றாம் மாடியில் ஓர் அறையில் குடியிருந்தாள். வேலை முடிந்து வந்து பூட்டில் சாவியைப் போடும்போது ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வாள், உள்ளே யாரோ இருப்பதைப் போல.

நாற்பது நெஞ்சுகளைத் தொட்டாலும் அவள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. படுத்திருப்பவர்கள் கூரையைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் மெஷினை. கடைவீதியில் எதிரே வந்தால் அவளுக்கு அவர்களை அடையாளம் தெரியும், மூன்றாம் வில்லைக்குப் பக்கத்தில் இருந்த மச்சம்கூட ஞாபகம் வரும். அவர்கள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

அந்த வருடம் பழைய காகிதங்களையெல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் முடிவெடுத்தார்கள். ஈசிஜி தாள் சூட்டில் கோடு விழுகிற தாள். வருடம் ஆக ஆக வெளுத்துப்போகும். அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவள் என்பதால் மத்தியானம் இரண்டு மணி நேரம் ஒயரக்காவைக் கீழ்த்தளத்துப் பதிவறையில் உட்காரச் சொன்னார்கள். ஜன்னல் இல்லாத அறை. ஸ்கேனரின் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் கிடையாது.

ஒரு புதன்கிழமை அவள் கைக்கு ஒரு கோப்பு வந்தது. நாற்பத்தொன்பது வயது ஆண், பஸ் ஓட்டுநர், சாப்பிட்ட பிறகு நெஞ்செரிச்சல். தாள் மங்கியிருந்தாலும் கோடு தெரிந்தது. முதல் லீடில், அதாவது தாளில் இதயத்தைக் காட்டும் பன்னிரண்டு கோடுகளில் முதலாவதில், எல்லாமே தலைகீழாக இருந்தது. பெரிய அலை மட்டுமல்ல, அதற்கு முன்னால் வருகிற சின்ன மேடும் கவிழ்ந்து கிடந்தது. எப்போதும் குனிந்தே இருக்க வேண்டிய ஏவிஆர் என்ற கோடு நிமிர்ந்து நின்றது. இதயம் வலப்பக்கம் அமைந்தவர்களுக்கும் இப்படி வரும், ஆனால் அவர்களுக்கு நெஞ்சில் வைக்கும் ஆறு வில்லைகளிலும் அலை படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும். இங்கே அந்த ஆறும் ஒழுங்காக இருந்தன. அப்படியானால் காரணம் ஒன்றுதான். வலது கைக்குச் சிவப்பு, இடது கைக்கு மஞ்சள் என்று மாட்ட வேண்டியதை யாரோ மாற்றி மாட்டியிருக்கிறார்கள்.

ஓரத்தில் இருந்த கையெழுத்து அவளுடையது. வேலைக்குச் சேர்ந்து நான்காவது மாதம்.

மெஷின் தன் பாட்டுக்கு 'பழைய மாரடைப்பாக இருக்கலாம்' என்று அச்சடித்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் புதிதாக எதுவும் இல்லை. அதனால் டாக்டர் கீழே தன் கையால் எழுதியிருந்தார்: பழைய மாரடைப்பு. பாரம் தூக்கக் கூடாது. வாகனம் ஓட்டக் கூடாது.

அந்த மனிதரின் முகத்தை ஞாபகத்துக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. எத்தனையோ பேரின் மச்சம் வரை நினைவிருக்கிற அவளுக்கு இவர் மட்டும் சுத்தமாக நினைவில்லை. தாளைக் கட்டின் அடியில் வைத்துவிட்டு மற்றவற்றை ஸ்கேன் செய்தாள். கட்டு தீர்ந்தது. அடியில் அது இருந்தது.

பெரிய டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். பெரிய டாக்டர் என்பது அவசரப் பிரிவின் தலைவி. அளந்து பேசுகிறவர், நின்றுகொண்டே சாப்பிடுகிறவர்.

"இது நான் எடுத்தது, டாக்டர். கை ரெண்டும் மாறியிருக்கு."

பெரிய டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். மாறித்தான் இருக்கிறது என்றார். மாட்டியது நீங்கள் என்றாலும் படித்தவர் ஒரு டாக்டர், சந்தேகப்பட்டு இன்னொன்று எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும், அவர் வேலையை விட்டுப் போய் எவ்வளவோ வருடம் ஆகிறது என்றார். நோயாளிக்குத் தானே கடிதம் எழுதுவதாகவும் ஒயரக்கா இதைத் தலையில் போட்டுக்கொண்டு அலைய வேண்டாம் என்றும் சொன்னார். சொன்னபடி அன்றே எழுதினார். பத்தாம் நாள் கடிதம் திரும்பி வந்தது. அந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை.

அடுத்த வார விடுமுறையில் ஒயரக்கா பஸ் டிப்போவுக்குப் போனாள். அலுவலகத்தில் இருந்த குமாஸ்தாவுக்கு ஓட்டுநரை நன்றாகத் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு வந்த மறுநாளே அவரை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிட்டார்களாம். அப்புறம் பத்து வருடம் வாசல் பக்கத்துக் கூண்டில் உட்கார்ந்து எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதிக்கொண்டிருந்தாராம். கம்பெனி டாக்டர் பிறகு எடுத்த ஈசிஜியில் கோளாறு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் கோப்பில் மாரடைப்பு என்று ஏறிவிட்ட ஆளுக்கு ஐம்பது பயணிகளை ஒப்படைக்க எந்த டாக்டர் கையெழுத்துப் போடுவார் என்று குமாஸ்தா கேட்டார். ஓட்டுநர் போன வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். குமாஸ்தா அவருடைய புது முகவரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

வீடு ஒரு தெருவின் கடைசியில் இருந்தது. கீழே ஒரு முன்னறை, மேலே சமையலறையும் படுக்கையறையும். முன்னறையில் கட்டில், கட்டிலுக்கு எட்டுகிற தூரத்தில் மாத்திரை டப்பா, தண்ணீர் ஜாடி, ஒரு மணி. ஓட்டுநர் பதினொரு வருடமாகப் படியேறுவதில்லை. வேண்டியதை மணியடித்துக் கேட்பார், மனைவி இறங்கி வந்து கொடுப்பார். எதிர்பார்த்ததைவிட நல்ல உடம்பு, அகலமான தோள். ஏதோ கணக்கெடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து உட்காரச் சொன்னார். மனைவி படிக்கட்டின் கடைசிப் படியில் ஈரக் கையோடு நின்றுகொண்டார்.

ஒயரக்கா வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது மறந்துபோயிற்று. விஷயத்தைத் தலைகால் இல்லாமல் சொன்னாள். பிறகு முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லி, மன்னித்துவிடுங்கள் என்றாள்.

"அப்போ எனக்கு மாரடைப்பே வரலையா?" என்றார் ஓட்டுநர்.

"வரலைங்க. ஒயர் மாறிப்போச்சு. நான்தான் மாத்தி மாட்டிட்டேன்."

என்ன ஒயர், எப்படி இருக்கும் என்று கேட்டார். சிவப்பு எந்தப் பக்கம், மஞ்சள் எந்தப் பக்கம் என்று அவள் சொன்னாள். அவர் தன் இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினேம்மா," என்றார். "ஒரு நாள்கூட வலது பக்கம் திரும்ப வேண்டிய எடத்துல நான் இடது பக்கம் திரும்பினதில்ல."

அவர் அதட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு. மனைவி இதைச் சொல்ல உங்களுக்குப் பதினொரு வருடமா ஆயிற்று என்று மட்டும் கேட்டார். தனக்கே பதினைந்து நாளைக்கு முன்புதான் தெரியும் என்று ஒயரக்கா சொன்னாள். அவள் எழுந்தபோது இருவரும் வழியனுப்ப வரவில்லை.

மறுநாள் ஓட்டுநர் ஆஸ்பத்திரிக்கு வந்து புதிதாக ஈசிஜியும் நெஞ்சு ஸ்கேனும் எடுத்துக்கொண்டார். ஒயரக்கா எடுக்கக் கூடாது என்றார், வேறொரு பிரிவிலிருந்து ஆள் வந்து எடுத்தார். இதயம் குழந்தை இதயம் மாதிரி இருக்கிறது என்று பெரிய டாக்டர் சொல்லி, ஆஸ்பத்திரி சார்பில் மன்னிப்பும் கேட்டார். ஓட்டுநர் அந்த மன்னிப்புக் கடிதத்தை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் அவர் எழுதிய புகார் வந்தது. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்று பெரிய டாக்டரே சொன்னார்.

ஒயரக்காவுக்கு முழுப் பெயர் போட்ட கடிதம் வந்தது. விளக்கம் கேட்டிருந்தார்கள். தவறு என்னுடையது என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தாள். எச்சரிக்கை என்று அவள் கோப்பில் பதிந்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

ஆனால் பிரிவில் காற்று மாறிவிட்டது. புதைத்த பிணத்தைத் தோண்டி எடுத்தது மாதிரி, எதற்கு இந்த வேலை என்று ஒருவர் பேசினார். நாளைக்கு நம் கோப்பையும் தோண்டுவாளோ என்று இன்னொருவர். "சிவப்பு எந்தக் கைக்கு, ஒயரக்கா?" என்று முதலில் கேலியாகக் கேட்டார்கள். கேலி இருந்தவரைக்கும் தேவலை. பிறகு அதுவும் நின்றது. சாப்பாட்டு அறைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு பாதியில் அறுந்து, எல்லோரும் டப்பாவை மூட ஆரம்பித்தார்கள். அவள் ஈசிஜி அறையிலேயே, திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடப் பழகினாள். தங்கையிடம் சொன்னபோது அவள், "யாருக்கும் தெரியாத விஷயத்தை நீயா போய் ஏன் சொன்ன?" என்று கேட்டாள். பதில் யோசிப்பதற்குள் பின்னணியில் ஏதோ உடைந்த சத்தம் கேட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

ஐந்து வாரம் கழித்து ஒருநாள் காலை பதினொரு மணி வாக்கில் ஓட்டுநரின் மனைவி வந்தார். நோயாளிகள் வரிசையில் நிற்கவில்லை. நேராக ஈசிஜி அறை வாசலில் கிடந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்து, உங்களிடம்தான் பேச வந்தேன் என்றார். ஒயரக்கா எதிரில் நின்றாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் நின்றாள்.

அந்த அம்மா திட்டவில்லை. வீட்டுக்காரர் இப்போதெல்லாம் காலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருகிறாராம். ஊரெல்லாம் நடக்கிறாராம், கண்ட பஸ்ஸில் ஏறி ஓட்டுநருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புகிறாராம். வீட்டில் வாயைத் திறப்பதில்லை.

"நோயாளியா இருந்தப்போ நூறு தடவ மணியடிப்பாரு, நூறு தடவ எறங்கி வருவேன். எரிச்சலாத்தான் இருக்கும். இப்போ மணியே அடிக்கிறதில்ல. உங்க மேல கோவப்படலாம்னுதான் வந்தேன். எதுக்குக் கோவப்படறதுன்னு தெரியல."

பேசிக்கொண்டே வலது கையால் கழுத்தின் இடப்பக்கத்தையும் தாடையையும் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒயரக்கா கவனித்தாள். நெற்றியில் வேர்வை, ஆனால் அன்று அவ்வளவு வெயில் இல்லை. என்ன செய்கிறது என்று கேட்டாள். இரண்டு நாளாக முதுகும் தாடையும் ஒரு மாதிரி இருக்கிறது, காலையில் குமட்டியது, வாயு, இஞ்சி குடித்தேன் என்றார்.

"அம்மா, ஒரு நிமிஷம் உள்ள வந்து படுங்க."

"நான் எதுக்குப் படுக்கணும்? எங்க வீட்ல நோயாளி அவருதான்." சொல்லிவிட்டு அந்த அம்மா நிறுத்திக்கொண்டார். இனி அப்படிச் சொல்ல முடியாது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. பிறகு எதிர்ப்புச் சொல்லாமல் எழுந்து உள்ளே வந்தார்.

சிவப்பு, மஞ்சள், பச்சை, கருப்பு. ஆறு வில்லைகள். தாள் வெளியே வந்தது. இரண்டாவது லீட், மூன்றாவது லீட், ஏவிஎஃப், மூன்றிலும் அலைக்குப் பின் தரைக்கு இறங்க வேண்டிய கோடு இறங்காமல் மேடு கட்டி நின்றது. ஏவிஎல்லில் அதற்கு எதிராகப் பள்ளம். முதலில் அவள் நம்பாதது மெஷினை அல்ல, தன் கையைத்தான். நான்கு கவ்விகளையும் விரலால் தொட்டு நிறத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். இன்னொரு தாள் எடுத்தாள். அதே மேடு, அதே பள்ளம்.

இரண்டு தாளையும் கிழித்துக்கொண்டு ஓடினாள். பெரிய டாக்டர் வேறொருவரின் காலுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். அவசரப் பிரிவுக்கு வந்த பதினொரு வருடத்தில் ஒயரக்கா அதுவரை சொல்லாததைச் சொன்னாள்.

"இதயத்துக் கீழ்ப்பக்கத்துல அடைப்பு, டாக்டர். ரெண்டு தடவ எடுத்துட்டேன். நிறமெல்லாம் சரி பார்த்துட்டேன்."

பெரிய டாக்டர் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊசியை நர்சிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அந்த அம்மாவை நாற்பது நிமிடத்துக்குள் மாடியில் ஆஞ்சியோ அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தள்ளுகட்டிலில் போகும்போது, மேலே அடுப்பை அணைத்துவிட்டு வந்தேனா என்று தெரியவில்லை, அவரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார்.

அந்த அம்மாவின் போனிலிருந்து ஒயரக்காதான் ஓட்டுநரைக் கூப்பிட்டாள். ஏதோ ஒரு பஸ்ஸில் இருந்தார், பின்னால் எஞ்சின் உறுமியது. அடுப்பைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டு, அரை மணி நேரத்தில் மூச்சிரைக்க வந்து நின்றார். அவள் கையில் இருந்த தாளைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது சரியாப் போட்டதுதானா?"

"சரியாப் போட்டதுதாங்க. ரெண்டு தடவ. டாக்டரும் பார்த்துட்டாங்க."

அவர் தலையாட்டினார். அந்த அம்மா பேச வந்து உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் வேலையைப் பார்க்கப் போனாள். ஐந்தாறு பேருக்கு எடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் அப்படியே இருந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தார்.

"கேஸ் சிலிண்டரை அவதான் மேல தூக்கிட்டுப் போவா," என்றார் தரையைப் பார்த்து. "ஒவ்வொரு படியா வச்சு வச்சுத் தூக்குவா. நான் கட்டில்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருப்பேன். என்னால முடியாதுன்னு ரெண்டு பேருமே நம்பிட்டோம்."

ஒயரக்கா டம்ளரை வாங்கிக்கொண்டாள். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லலாம். அதை ஏற்கனவே சொல்லியாயிற்று, இரண்டாம் முறை சொன்னால் அது தனக்காகச் சொல்வதாக இருக்கும் என்று பட்டது. அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். அடைப்பை எடுத்துவிட்டார்கள், நேரத்தோடு வந்ததால் பிழைத்தார் என்று மாடியிலிருந்து செய்தி வந்தது. ஓட்டுநர் எழுந்து, லிஃப்டுக்குக் காத்திருக்காமல், படிகளில் ஏறிப் போனார்.

நான்காம் நாள் வார்டில் ஆள் இல்லையென்று ஒயரக்காவை ஈசிஜி எடுக்க மேலே கூப்பிட்டார்கள். எட்டாம் எண் படுக்கை அந்த அம்மாவுடையது. கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். ஒயரக்கா கவ்விகளை மாட்டும்போது அந்த அம்மா கூரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒயரக்கா நிறங்களை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். தாள் வந்தது. மேடு இறங்கியிருந்தது.

"உங்க வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

"யாரும் இல்லைங்க. நான் மட்டும்தான்."

ஐயோ பாவம் என்று அவர் சொல்லவில்லை. காலைக் கொஞ்சம் நகர்த்திப் படுக்கையில் இடம் விட்டார். அவள் உட்கார்ந்தாள். இருவரும் எதிர்ப் படுக்கைக்காரியின் மகள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் இருக்கும். கீழேயிருந்து ஆள் வந்து கூப்பிட்டதும் அவள் மெஷினைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள்.

ஆறாம் நாள் அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று ஒயரக்காவுக்கு விடுமுறை, அதனால் பார்க்கவில்லை. சமையலைக் கீழ் அறைக்கு மாற்றிவிட்டதாகவும் ஓட்டுநரே சமைப்பதாகவும் பிறகு மருந்துக்கு வந்தபோது நர்சிடம் சொன்னார்களாம். தான் கொடுத்த புகாரை ஓட்டுநர் திரும்பப் பெறவில்லை. அது நியாயம்தான் என்று ஒயரக்கா நினைத்தாள். ஈசிஜி எடுத்தவர் கையெழுத்துக்குக் கீழே இன்னொருவரும் நிறம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று பெரிய டாக்டர் புது விதி கொண்டுவந்தார். இரண்டாம் கையெழுத்துப் போட வருகிற நர்ஸ் சில நாள் ஒரு வார்த்தை பேசுவார், சில நாள் பேசாமல் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை கூப்பிட்டபோது அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். தங்கை கேட்டாள், இந்த முறை கடைசி வரைக்கும் கேட்டாள். "சரி, சாப்பிட்டியா?" என்றாள் தங்கை. சாப்பிட்டேன் என்றாள் ஒயரக்கா. போனை வைத்துவிட்டு எழுந்து, அடுப்பைப் பற்றவைத்து, தனக்கு மட்டும் அரைக் கப் அரிசியை அளந்து போட்டாள்.